நாலு பெரிய எழுத்து

இங்க உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுது. நானும் அதுல உக்காந்து பாத்துட்டுத்தான் இங்க மாறினேன். உள்ள யாரு, வீட்டம்மாவா? முகத்துல மங்கு விழுந்திருக்கா? சரி சரி. நேரமாகும். டாக்டர் ஒவ்வொருத்தரையும் நிதானமாத்தான் பாக்காரு.

எனக்கு ஒண்ணும் இல்ல. என் மகன் ஷெர்வின் உள்ள இருக்கான். கைல பச்சை குத்தியிருந்தான், அதை லேசர் வச்சு எடுக்காங்க. அந்தா, டப் டப்னு ஒரு சத்தம் கேக்குதா? அதான். ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டி விட்ட மாதிரி வலிக்குமாம். ரிசப்ஷன்ல இருக்கற பிள்ளை சொல்லிச்சு.

நீங்க நினைக்கறது புரியுது. பச்சை குத்தினதுக்கு அப்பன்காரன் திட்டியிருப்பான், அதான் பையன் எடுக்கான்னு நினைக்கீங்க. இல்ல சார். பச்சை குத்தினதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லல. எழுத்து தப்பு. அதுதான் விஷயம். எழுத்து மட்டும் சரியா இருந்திருந்தா நானே அவனைக் கூட்டிட்டுப் போய் பாளையங்கோட்டை பூரா காட்டியிருப்பேன். இந்தா, இந்தக் கவர்ல சரியான எழுத்து இருக்கு. பழசு மறைஞ்சதும் அதே இடத்துல இதைப் போட்டுட்டான்னா எனக்கு நிம்மதி. இன்னைக்கு நான் வந்ததே அதுக்குத்தான். அவன் வரச் சொல்லல. அவன் பைக்ல வந்தான், நான் டவுன் பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தேன். என்னைப் பாத்தான், தலையை ஆட்டினான், உள்ள போயிட்டான். எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணும் கிடையாது. பேச்சு கம்மி, அவ்வளவுதான்.

என்ன எழுத்துன்னு கேக்கீங்களா? அதைச் சொல்லுததுக்கு முன்னாடி அந்தச் சுவத்துல இருக்கற போர்டைப் பாருங்க. 'ஸ்கின்'னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கான் பாருங்க, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல லாரியே போகலாம். இத்தனை செலவு பண்ணி ஆஸ்பத்திரி கட்டுதாங்க, போர்டைப் பாக்க ஒரு ஆள் இல்ல. என் வீட்டுக்காரி ஹெப்சி சொல்லுவா, உங்க கூட ரோட்ல நடக்க முடியல, ஒவ்வொரு போர்டுக்கும் நின்னு திட்டுதீங்கன்னு. இப்ப அவ என் கூட நடக்கறது இல்ல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட அவ முன்னால போயிருதா. அதுவும் ஒரு வகைல வசதிதான், நான் நின்னு நிதானமா போட்டோ எடுத்துக்கிட்டே வரலாம்.

எழுத்துக்கு வாரேன். சில இங்கிலீஷ் பேப்பர்ல மேல பேரு போட்டிருப்பான் பாத்திருக்கீங்களா, கருகருன்னு, கொம்பும் முள்ளுமா? எங்க கோயில் ஞானஸ்நான சர்டிபிகேட்லயும் தலைப்பு அந்த எழுத்துதான். ஜெர்மன்காரங்க முந்திக் காலத்துல புத்தகமெல்லாம் அதுலதான் அச்சடிச்சாங்க. ப்ளாக்லெட்டர்னு பேரு. நான் கருப்பெழுத்துன்னு சொல்லுவேன். பட்டைப் பேனாவைச் சாச்சுப் பிடிச்சு எழுதணும். சின்ன எழுத்துல வளைவே கிடையாது சார். வளையுற இடத்துல எல்லாம் முறிக்கணும். இறக்கு, முறி, திரும்ப இறக்கு. எழுதி முடிச்சா ஜன்னல் கம்பி மாதிரி நிக்கணும், கம்பி எவ்வளவு அகலமோ சந்தும் அவ்வளவு அகலம்.

நான் பொதுப்பணித்துறைல ட்ராஃப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். பேரு சற்குணம். கோடு போட்டே பழகின கை. அந்த எழுத்தைக் கம்ப்யூட்டர்ல ஃபாண்டா செய்யலாம்னு தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு வேற நினைப்பே கிடையாது. நான் செய்யற ஃபாண்டுக்கு 'பாளை'ன்னு பேரு வச்சிருக்கேன். இன்னும் முடியல. முடியலன்னா, வரைஞ்சு முடிச்சாச்சு, தப்பு தீரல.

இதுக்குன்னே நெட்ல ஒரு ஃபோரம் இருக்கு. உலகம் பூரா ஆள். எல்லாரும் ஆசைக்குச் செய்யறவங்கதான், ஒருத்தரும் இதை வச்சுச் சோறு திங்கல. வெர்னர்னு ஒருத்தர், ஜெர்மனில மாட்டு டாக்டரா இருந்தவர், அவர்தான் அங்க நாட்டாமை. லீசெலோட்னு ஒரு வயசான அம்மா உண்டு, கையாலயே எழுதும், கண்ணு ரொம்பக் கூர்மை. பிரேசில்ல ஒரு பேக்கரிக்காரன் இருக்கான். நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து நான் ஒருத்தன்தான்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. நீங்க ஒரு எழுத்தை வரைஞ்சு போட்டா மேல ஒரே ஒரு கேள்விதான் எழுதணும்: எங்க தப்பு? அவ்வளவுதான். எப்படி இருக்கு, பிடிச்சிருக்கா, இந்தப் பேச்செல்லாம் அங்க செல்லாது. மத்தவங்களும் தப்பை மட்டும்தான் சொல்லணும். அருமை, சூப்பர்னு எவனாவது எழுதினா வெர்னர் அழிச்சிருவாரு. வேணும்னா ஒரு லைக் போட்டுட்டுப் போ, வாயைத் திறக்காத. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம ஆளுங்க எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் காப்பி குடிக்கப் போயிருதாங்க. அதை வச்சு என்னத்தைச் செய்ய?

எனக்கு அது பிறவியிலயே இருந்த புத்தி சார், ஃபோரத்துக்குப் போய்க் கத்துக்கிட்டது இல்ல. ஷெர்வின் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எனக்கு ஒரு பிறந்தநாள் கார்டு எழுதிக் குடுத்தான். சிவப்பு ஸ்கெட்ச்ல, எல்லாம் கோணல் மாணலா. நான் அவனைப் பக்கத்துல உக்கார வச்சு, பென்சிலால கோடு இழுத்து, எந்தெந்த எழுத்து கோட்டை விட்டு வெளிய போயிருக்குன்னு ஒவ்வொண்ணா வட்டம் போட்டுக் காட்டினேன். சொல்லுங்க, எந்த அப்பன் அவ்வளவு மெனக்கெடுவான்? அடுத்த வருஷம் அவன் கார்டு எழுதல. கடைல வாங்கிக் குடுத்தான். ஹெப்சி கேக் நல்லா செய்வா. அதுல பேரு எழுதுவா, நான் இடைவெளியைச் சொல்லுவேன். இப்ப அவளும் கேக்ல எழுதறது இல்ல, வெறும் வெள்ளையா விட்டுருதா. கத்துக்கணும்னு யாருக்குமே எண்ணம் இல்ல சார்.

என் ஃபாண்டுல இடிச்ச இடம் ஒண்ணே ஒண்ணு, பெரிய எழுத்து பி. வயிறு தொங்குச்சு. லீசெலோட் ஒரே பார்வைல சொல்லிட்டா. மாத்தினேன். வெர்னர் முதுகு வளையுதுன்னாரு. மாத்தினேன். அதை மாத்துத வேலை இன்னைக்கு வரைக்கும் நடக்குது. நடுவுல ஒரு தடவை, அந்தத் தொந்தி பி இருந்த சமயத்துல, சோதனைக்குன்னு ஒரு ஃபைல் ஃபோரத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் குடுத்தேன். வெளிய ஒருத்தருக்கும் குடுக்கல. அதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

அந்த ஃபோரத்துல டாமி இருபத்தேழுன்னு ஒருத்தன் இருந்தான். வெள்ளைக்காரப் பையனா இருக்கும். எங்க வீட்லயும் டாமின்னு ஒரு நாய் இருந்துச்சு, ஷெர்வின் கூடவேதான் படுக்கும், அது செத்தப்ப இவன் சாப்பிடாம கிடந்தான். சும்மா பேரு ஞாபகம் வந்துச்சு, சொல்லுதேன். இந்த டாமி என்ன செய்வான்னா, நான் எதைப் போட்டாலும் முதல் லைக் அவனோடதுதான். நல்லதுக்கும் லைக், குப்பைக்கும் லைக். ஆரம்பத்துல 'ரொம்ப நல்லாருக்கு சார்'னு எழுதுவான். வெர்னர் அழிப்பாரு. திரும்ப எழுதுவான். திரும்ப அழிப்பாரு. அப்புறம் எழுதறதை விட்டுட்டு லைக்கோட நிறுத்திக்கிட்டான். ஒரு நாள் எனக்குத் தனியா மெசேஜ் அனுப்புதான்: 'ரொம்ப நேரம் உக்காந்தே இருக்காதீங்க சார், கால் வீங்கும்.' எனக்குக் கால் வீங்கறது இவனுக்கு எப்படித் தெரியும்? வயசான ஆளுன்னு பொதுவாச் சொல்லியிருப்பான்னு விட்டுட்டேன். பதில் எழுதினேன்: எழுத்தைப் பத்திப் பேசறதா இருந்தா பேசு, இந்தப் பி-ல எங்க தப்பு, சொல்லு பாப்போம். அவன் என்ன எழுதினான் தெரியுமா? 'எனக்குத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியாது சார். நீங்க வரையறதைப் பாக்கப் பிடிக்கும்.' இப்படி ஒரு ஆளு. இவன் லைக்கை எவன் மதிப்பான்?

சத்தம் இன்னும் கேக்குது பாருங்க. முதல் எழுத்துலதான் இருப்பாங்கன்னு நினைக்கேன். அதுல கருப்பு நிறைய.

சரி, பெரிய எழுத்து விஷயத்துக்கு வாரேன். கருப்பெழுத்துல ஒரு சட்டம் உண்டு, இதை மட்டும் மாத்தவே முடியாது. ஒரு வார்த்தைக்கு முன்னால ஒரே ஒரு பெரிய எழுத்துதான் நிக்கணும். பின்னால எல்லாம் சின்ன எழுத்து. ஏன்னா இந்தப் பெரிய எழுத்து ஒவ்வொண்ணும் மாப்பிள்ளை கோலத்துல வந்த மாதிரி, மாலையும் தலைப்பாகையுமா இருக்கும். ஒரே மேடைல நாலு மாப்பிள்ளையை நிறுத்தினா யாரு தாலி கட்டணும்னு தெரியாது. வாசிக்கவும் முடியாது. பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு குத்தும். ஆனா நம்ம ஊர்ல பாருங்க, ஜிம் போர்டு, பைக் ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ், எல்லாத்துலயும் பூராப் பெரிய எழுத்து.

ஃபோரத்துல அதுக்குன்னு ஒரு பக்கம் வச்சிருக்காங்க. அவமானச் சுவர்னு வச்சுக்கோங்க. ஊர்ல கண்ட தப்பை எல்லாம் போட்டோ எடுத்து அதுல போடலாம், எல்லாரும் சிரிப்பாங்க. வெர்னருக்கே சிரிப்பு வர்றது அந்தப் பக்கத்துல மட்டும்தான். சமாதானபுரத்துல ஒரு சலூன் போர்டு போட்டேன், பிரேசில்காரன் வேலையை விட்டுட்டுச் சிரிச்சேன்னு எழுதினான். என் படம் இல்லாத வாரமே கிடையாது. உண்மையைச் சொன்னா, 'பாளை'யை விட அந்தச் சுவர்லதான் எனக்குப் பேரு அதிகம்.

இப்ப என் பிறந்தநாளுக்கு வாங்க. தம்பி குடும்பம் வந்திருந்துச்சு, ஹெப்சியோட அக்கா, போதகர் கூட வந்திருந்தாரு. ஜெபம் முடிஞ்சு, கேக் வெட்டுததுக்கு முன்னாடி, ஷெர்வின் என் பக்கத்துல வந்து நின்னான். அவன் ஒரு கொரியர் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கான், எப்பவும் அரைக்கைச் சட்டைதான் போடுவான். அன்னைக்கு அந்த வெக்கைல முழுக்கை போட்டிருந்தான். 'ப்பா, இங்க பாருங்க'ன்னு சொல்லிட்டுக் கையை மடிச்சு விட்டான்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். கருப்பெழுத்து. என் எழுத்து சார்! 'பாளை'. இத்தனை காலம் உயிரைக் குடுத்துச் செஞ்ச ஃபாண்டை முதல் தடவையா ஒரு மனுஷன் எதுலயோ போட்டிருக்கான், அது என் மகன் கைத்தோல்ல இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பொய் சொல்லல.

அப்புறம்தான் பாத்தேன். நாலும் பெரிய எழுத்து.

என்ன வார்த்தைன்னு கேக்கீங்களா? அதுவா. ஏ, பி, பி, ஏ. அப்பா.

ஆமா, என்னைத்தான். அது ஒண்ணும் அதிசயம் இல்லையே, ஊர்ல பாதிப் பையன்க கைல அம்மா, அப்பான்னுதான் இருக்கு. அதுவா சார் இப்ப விஷயம்? நாலு பெரிய எழுத்து! அதுவும் ரெண்டு பி பக்கத்துல பக்கத்துல. அதுவும் எந்தப் பி? பழைய பி, தொந்தி போட்ட பி, நான் எப்பவோ தூக்கி எறிஞ்சது!

'ஏல, எவம்ல இதைப் போட்டது?'ன்னு கேட்டேன்.

'வண்ணார்பேட்டைல ஒரு கடைலப்பா'ன்னான். இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னான்.

'அந்த மடையனுக்குத்தான் தெரியாது, என் வீட்ல பிறந்த உனக்குமால தெரியாது? நாலு கேப்பிடலை எவனாவது ஒண்ணா நிறுத்துவானா?'

'பெருசா இருக்கட்டும்னு நான்தாம்ப்பா சொன்னேன்.'

பெருசா இருக்கட்டுமாம்! நான் சட்டைப் பைல இருந்து பேனாவை எடுத்தேன். அவன் கையைப் பிடிச்சு, எங்கெங்க இடிக்குதுன்னு கைலயே வட்டம் போட்டுக் காட்டினேன். இங்க குத்துது, இங்க வயிறு, இங்க சந்து போதல. சும்மா தப்பு தப்புன்னு சொன்னா எவனுக்குப் புரியும்? இடத்தைக் காட்டணும்ல. அவன் கையை இழுக்கல. நீட்டிக்கிட்டே நின்னான். என் தம்பி 'அண்ணே, விடுங்கண்ணே'ங்கான். ஹெப்சி 'ஏங்க, போதும்'னா. போதகர் கேக்கைப் பாத்துக்கிட்டே இருந்தாரு, அதுல பாக்க ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளை. எல்லாருமா சேர்ந்து என்னை ஒரு மாதிரி ஆக்கிட்டாங்க சார். என் எழுத்து, என் பிறந்தநாள், நான் சொல்லக் கூடாதாம்.

அப்புறம் யோசிச்சேன், இந்தப் பழைய பி இவனுக்கு எங்க கிடைச்சுது? என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு இருக்கு, வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஃபைல் இருக்கறது ஃபோரத்து ஆளுங்ககிட்ட மட்டும்தான். அப்ப அவங்கள்ல எவனோ வெளிய விட்டிருக்கான். திருட்டு. வெர்னருக்கு எழுதினேன், விசாரிங்கன்னு. ஷெர்வின்கிட்டயும் கேட்டேன், எங்கல எடுத்தன்னு. 'நீங்க குடுத்ததுதாம்ப்பா'ங்கான். நான் எங்க குடுத்தேன்? பொய் சொல்லவும் தெரியல அவனுக்கு.

நீங்க ஏன் என்னை இப்படிப் பாக்கீங்க? கேளுங்க, இன்னும் இருக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டுட்டு, ஷெர்வின் சோபால தூங்கிட்டான். கை கீழ தொங்குது, நல்ல வெளிச்சம். எழுத்து அப்படியே தெரியுது. போட்டோ எடுத்தேன். முகம் வரல, கை மட்டும்தான். அவமானச் சுவர்ல போட்டேன். கீழ எழுதினேன்: என் ஃபாண்டைத் திருடி, அதை இப்படிக் கெடுத்தும் வச்சிருக்கான் ஒரு முட்டாள்.

அன்னைக்கு வந்த சிரிப்பு மாதிரி என்னைக்கும் வந்தது இல்ல சார். பிரேசில், போலந்து, எங்கெங்க இருந்தோ. தோலோட உரிச்சாத்தான் இது சரியாகும்னு ஒருத்தன். வெர்னரே எழுதினாரு, இத்தனை வருஷத்துல இந்தச் சுவர்ல இதுதான் முதலிடம்னு. எனக்கும் கொஞ்ச நேரம் மனசு ஆறினாப்பல இருந்துச்சு. கண்டவன் போர்டுக்குச் சிரிச்சாங்க, இப்ப என் சொந்த நஷ்டத்துக்கு நியாயம் கிடைச்சுதேன்னு.

லீசெலோட் மட்டும் சிரிக்கல. 'அந்த வார்த்தைக்கு உங்க மொழில என்ன அர்த்தம்?'னு கேட்டா. தகப்பன்னு எழுதினேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு கேள்வி: 'அது யாருடைய கை?'

நான் பதில் எழுதல. ஏன் எழுதணும்? சுவர்ல போடுற படத்துக்குச் சொந்தக்காரன் பேரு சொல்லக் கூடாதுன்னு விதியே இருக்கு. எல்லாம் தெரிஞ்ச அம்மா, அந்த விதி தெரியாதா அவளுக்கு? அதுக்கப்புறம் அவ என் பக்கமே வரல. நான் எதைப் போட்டாலும் தப்பு சொல்றது இல்ல. அவ சொல்லாம எனக்குக் கை ஓட மாட்டேங்குது. கோவம் வருது சார், ஒரு பேரு சொல்லாததுக்கு இவ்வளவா?

அந்த வாரமே இன்னொரு அநியாயம். டாமி இருபத்தேழு போயிட்டான். ஒண்ணும் சொல்லல, கணக்கை அழிச்சுட்டுப் போயிட்டான். கணக்கை அழிச்சா அவன் போட்ட லைக்கும் கூடவே அழிஞ்சு போகுமாம், எனக்கு அது தெரியாது. காலைல திறந்து பாக்கேன், என் எழுத்து ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒண்ணு குறையுது. நிறைய எழுத்துக்கு இருந்ததே அவன் போட்ட ஒரு லைக்தான் போல. இப்ப சைபர். பக்கம் பக்கமாத் தள்ளிப் பாக்கேன், சைபர், சைபர். மதிக்காத லைக்தானேன்னு சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒரு மாதிரி இருந்துச்சு சார். அன்னைக்குப் பூரா ஒரு கோடு கூட இழுக்கல. போறவன் ஏன் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்ல? அவனுக்கு நான் என்ன செஞ்சேன்?

அதே சமயத்துலதான் ஷெர்வினும் வந்து சொன்னான். நான் அந்தப் படத்தை அவனுக்குக் காட்டவே இல்ல, வீட்ல ஒருத்தருக்கும் காட்டல. அவனாத்தான் வந்தான். கதவுகிட்ட நின்னுக்கிட்டு, 'ப்பா, நான் அதை எடுத்துருதேன்'னான்.

'நல்லது'ன்னேன்.

'அசிங்கமாத்தான் இருக்கு'ன்னான்.

'அசிங்கம்னு இல்லல, முறை தப்பு'ன்னேன். 'எடுத்துட்டு, நான் சரியா ஒண்ணு போட்டுத் தாரேன், அதைக் குத்திக்க.'

அவன் என் கம்ப்யூட்டரைப் பாத்தான். நான் அப்ப சுவரைத்தான் திறந்து வச்சிருந்தேன், டக்னு மூடிட்டேன். 'உக்காந்தே இருக்காதீங்கப்பா, கால் வீங்குது'ன்னுட்டுப் போயிட்டான்.

பாத்தீங்களா, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கிட்டான். அன்னைக்கு அத்தனை பேரும் என்னைத் தப்பு சொன்னாங்களே, இப்ப யாரு சரி? ஹெப்சிகிட்ட இதைத்தான் சொன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. 'உங்க கண்ணுக்கு எல்லாம் தெரியும்'னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் அவளும் சரியாப் பேசல.

அதுல இருந்து நான் இதைத்தான் செஞ்சிட்டிருக்கேன். இந்தக் கவர்ல இருக்கறதை. மத்த வேலையெல்லாம் தள்ளி வச்சுட்டேன். முன்னால ஒரே ஒரு பெரிய ஏ, பின்னால மூணு சின்ன எழுத்து. சின்ன பி ரெண்டும் சேர்ந்து நிக்கற இடத்துல சந்தை மயிரிழை கூட்டியிருக்கேன், தோல்ல மை கொஞ்சம் பரவும்ல, அதுக்காக. அவன் கை அகலத்துக்குத் தக்கன அளவு வச்சிருக்கேன். அளவு எப்படித் தெரியும்னா, அந்தப் போட்டோல பாத்து எடுத்தேன்.

சத்தம் நின்னு போச்சு, கவனிச்சீங்களா? நான் பேசிக்கிட்டே இருந்ததுல தெரியல. நின்னு ரொம்ப நேரமாச்சோ?

அந்தா, ரிசப்ஷன் பிள்ளை போகுது. ஏம்மா, ஒரு நிமிஷம். ஷெர்வின்னு ஒரு பையன், கைல லேசர், முடிஞ்சுதா?

போயிட்டானா? எப்ப? எந்த வழியா?

பின்னால பார்க்கிங்குக்குத் தனி வழி இருக்கா. இல்லம்மா, நான் இங்கயேதான் இருக்கேன், உள்ள போகும்போது என்னைப் பாத்தானே. கூட வந்த ஆளு வெளிய இருக்காருன்னு அவன் சொல்லலையா?

கேட்டியா? என்ன சொன்னான்?

யாரும் வரலன்னா சொன்னான்?

சரிம்மா. இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போ, உன் வேலையைப் பாரு. கட்டுப் போட்ட கையோட வண்டி ஓட்டிருவானாம்மா? சரி. சரி.

வெயில் ஏறுததுக்குள்ள போகணும்னு போயிருப்பான் சார். கட்டுல வெயில் படக்கூடாதுல்ல. கம்பெனில வேற வேலை இருந்திருக்கும். எனக்கு என்ன, டவுன் பஸ் வாசல்லயே நிக்கும்.

இந்தக் கவரைத்தான் குடுக்காம விட்டுட்டேன்.

வீட்டம்மா வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இதைக் கொஞ்சம் பிடிங்க. பிரிங்க, பிரிங்க, கசங்கினாப் பரவால்ல, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. ஜன்னல் பக்கமாத் திருப்பிப் பிடிங்க, வெளிச்சம் விழட்டும். வெர்னர் பாத்துட்டாரு, ஒண்ணும் சொல்லல. லீசெலோட் பாக்கவே இல்ல. டாமி இருந்திருந்தா ஒரு லைக்காவது விழுந்திருக்கும். உங்களுக்கு இந்த எழுத்தைப் பத்தித் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார், பரவால்ல, சும்மா ஒரு வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்கத்தான். அவசரம் இல்ல. நிதானமாப் பாருங்க.

எங்க தப்பு?